முதல் தடவை சௌனா போறவங்களுக்கு

சௌனான்னா வியர்க்க வியர்க்க உட்கார்றதுக்குன்னே சூடாக்கி வெச்சிருக்கிற அறை. அதுக்குள்ள பொதுவா 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடு இருக்கும். காத்து ரொம்ப உலர்ந்து இருக்கிறதாலதான் வியர்வை உடனே ஆவியாகி, அந்தச் சூட்டை உடம்பு தாங்குது. சூடான காத்து மேலே ஏறும், அதனால உட்கார்ற பலகைகள்ல மேல் பலகையில அனல் அதிகம். முதல் தடவை கீழ்ப் பலகையிலேயே உட்காருங்க. 5 முதல் 10 நிமிஷம் தாராளம்.

பக்கத்துல இருக்கிறவர் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்காரேன்னு போட்டி போடாதீங்க, ப்ளீஸ். தலை சுத்தினாலோ, குமட்டினாலோ, படபடப்பு வந்தாலோ அந்த நொடியே வெளியே வந்துடணும். சட்டுனு எழுந்தா மயக்கம் வரலாம், மெதுவா எழுந்திருங்க.

போறதுக்கு முன்னாடி குளிச்சிட்டு, மோதிரம், சங்கிலி எல்லாம் கழட்டி வைங்க. உலோகம் சூடேறித் தோலைச் சுடும். பலகை மேல துண்டு விரிச்சு உட்காருங்க. அடுப்பு மேல இருக்கிற சூடான கல்லு மேல தண்ணி ஊத்தினா ஈரப்பதம் கூடி அனல் முகத்துல அடிக்கும், கூட இருக்கிறவங்களைக் கேட்டுட்டு ஊத்துங்க.

மது குடிச்சிட்டு மட்டும் போகவே போகாதீங்க. இதய நோய், ரத்த அழுத்தப் பிரச்சினை உள்ளவங்க, கர்ப்பிணிகள் டாக்டர்கிட்ட கேட்காம உள்ளே போக வேண்டாம். வெளியே வந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நிறைய தண்ணி குடிங்க.