திராட்சையை விட்டேன், ஜம்போலாவை விடவில்லை

இரண்டு மாதமாகத் தொடையில் ஒரே உளைவு. உவர்மலை ஏற்றத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவே ஏலவில்லை. வயசுதான் என்று இருந்துவிட்டேன்.

கொலஸ்ட்ரோலுக்கு அட்டோவஸ்டற்றின் 40 போடுகிறேன். கிளினிக்கில் தருகிற கடதாசி உறையில் 'இரவு 1' என்பதைத் தவிர வேறொன்றும் எழுதியிராது. ஒருமுறை அங்கே இருப்பு இல்லை என்று வெளியே பாமசியில் பெட்டியோடு வாங்கினேன். உள்ளே மடித்திருந்த தாளைப் பார்த்துவிட்டுத் தம்பியின் மகன், "பெரியப்பா, இதோட கிரேப்ஃப்ரூட் கூடாதாம்" என்றான். கிரேப் என்றால் திராட்சைதானே! அன்றோடு திராட்சையை நிறுத்தினேன். தம்பலகாமத்துச் சம்பந்தி வளவில் ஜம்போலா, அதுதான் பம்பளிமாஸ், காய்த்துத் தள்ளிய நேரம் அது. இரவில் பாதிப் பழம், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, அப்புறம் குளிசை.

உளைவு தாங்காமல் கிளினிக்குக்குப் போன அன்று கொப்பியை வீட்டில் விட்டுவிட்டேன். கொப்பி இல்லாமல் நம்பர் இல்லை என்றார் கவுண்டரில் இருந்தவர், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. விடிய ஐந்தரைக்கே போனது வீண். அடுத்த கிழமை டொக்டர், தசை பழுதானால் கூடுகிற சி.பி.கே.யை அளக்க இரத்தப் பரிசோதனை எழுதினார், கொஞ்சம் கூடித்தான் இருந்தது. பழம் ஏதும் சாப்பிடுறீங்களா என்று கடைசியில் கேட்டது நர்ஸ் மிஸ்தான். ஜம்போலா என்றதும் சிரித்துவிட்டார்.

கிரேப்ஃப்ரூட் என்பது ஜம்போலாவும் தோடையும் கலந்து பிறந்த பழமாம். இரண்டிலும் இருக்கிற சரக்கு, குடலில் இந்தக் குளிசையை உடைக்கிற நொதியை முடக்கிவிடும், மருந்து அளவுக்கு மேல் இரத்தத்தில் ஏறும், அப்படி ஏறினால் தசை உளையலாம். காலையில் பழம், இரவில் குளிசை என்று பிரித்தும் தப்ப முடியாது, அந்த முடக்கம் ஒரு நாளைக்கு மேலும் நிற்கும். சிம்வஸ்டற்றின் என்கிற மற்றக் கொலஸ்ட்ரோல் குளிசைக்கு இன்னும் மோசம். பழம்தான் முழுக் காரணம் என்று டொக்டர் அடித்துச் சொல்லவில்லை. பழம், குளிசை இரண்டையும் நிறுத்தி, உளைவு அடங்கியபின் ரோசுவஸ்டற்றின் 10க்கு மாற்றினார். அதற்கு இந்தப் பழத்தோடு பகை இல்லை, ஆனால் காஸ்ட்ரிக் பாணி குடிப்பவர்கள் குளிசை போட்டு 2 மணித்தியாலம் விட்டுத்தான் குடிக்க வேண்டும்.

நோகுது என்று நீங்களாகக் குளிசையை நிறுத்தாதீர்கள், டொக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போனால் மட்டும் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிராமல் நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நேற்று உவர்மலை ஏற்றத்தில் இறங்காமல் மிதித்தேன். சம்பந்தி இன்னொரு சாக்கு அனுப்பியிருக்கிறார். இப்போது சாப்பிடலாம் என்று எவ்வளவு சொல்லியும் மனுசி கேட்கவில்லை, அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.