வாழையிலைக் கட்டில் இறங்கிய ட்ரோன்

கல்யாண வீடுகளில் ட்ரோன் ஓட்டுவது என் பிழைப்பு. காரைக்குடி, தேவகோட்டை பக்கம் முகூர்த்த நாள் என்றால் ராத்திரியே ஐந்து பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றி வைத்துவிடுவேன். போரைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்றால், ஒன்றுமில்லை. ஆனால் உக்ரைன் வீடியோ எது வந்தாலும் என் கண் முதலில் போவது திரை மூலையில் இருக்கும் சிக்னல் கோட்டுக்குத்தான். பழக்க தோஷம்.

போன தை மாதம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மண்டபத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மண் தரையிலிருந்து ட்ரோனை ஏற்றிவிட்டு, ஊர்வலத்தோடு நடந்தேன். நாதஸ்வரம், வேட்டு, எல்லாம் அமர்க்களம். இரண்டு பக்கமும் செட்டிநாட்டு வீடுகளின் உயரச் சுவர்கள் இருக்கும் வீதிக்குள் திரும்பியதும் சிக்னல் அறுந்தது. அறுந்தால் ட்ரோன் கிளம்பின இடத்துக்கே தானாகத் திரும்பிப் போய் இறங்கும். சமர்த்தாக அதையே செய்தது. என்ன, அந்தக் கால் மணி நேரத்தில் சமையல்காரர்கள் அங்கே அடுப்பைப் போட்டுவிட்டார்கள். பாயச அண்டாவுக்கு ஒரு முழம் தள்ளி, வாழையிலைக் கட்டின் மேல் போய் உட்கார்ந்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மாஸ்டர் நீளக் கரண்டியை ஓங்கியபடி அதற்குக் காவல் நின்றார்.

ட்ரோன் மேல் தப்பே இல்லை. ஏற்றும்போது என்ன சொன்னேனோ அதைச் செய்தது. நடுவில் தரைதான் மாறிவிட்டது.

உக்ரைனில் சண்டையே இந்தச் சிக்னலுக்காகத்தான். ஓட்டுகிறவருக்கும் ட்ரோனுக்கும் நடுவிலுள்ள ரேடியோ தொடர்பை இரண்டு பக்கமும் ஜாமர் வைத்து அறுக்கிறார்கள். அதற்கு ஒரு மாற்று, கிட்டத்தட்ட பட்டம் விடுகிற வேலை. ட்ரோனின் வயிற்றில் ஒரு கண்டு. அதில் 10, 20 கிலோமீட்டர் நீளத்துக்கு மெல்லிய கண்ணாடி இழை. பறக்கப் பறக்க அவிழ்ந்துகொண்டே போகும். 2024-ல் ரஷ்ய எல்லைப் பகுதியான குர்ஸ்க்கில் நடந்த சண்டையில் ரஷ்யா இதை நிறையவே இறக்கியது. ஜாமர் இதன் முன்னால் சும்மா. வயலெல்லாம் இழை படிந்து வெயிலில் மின்னும் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு மாற்று, கடைசிக் கொஞ்ச தூரத்தை இயந்திரத்திடமே விட்டுவிடுவது. ஓட்டுகிறவர் திரையில் இலக்கைச் சுற்றி ஒரு கட்டம் போடுவார். அப்புறம் சிக்னல் போனாலும் ட்ரோன் அதைத் துரத்திக்கொண்டு போய் இடிக்கும். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் கட்டம் போடுவது என் தினசரி வேலை. மாப்பிள்ளையைச் சுற்றிக் கட்டம் போட்டால் ட்ரோன் அவர் பின்னாலேயே போகும். பந்தலுக்குள் ஒரு தரம் நுழைந்து வெளியே வந்தால், பல சமயம் அது மாமனாரைத் தொடரும். எல்லோரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அதற்கு எப்படித் தெரியும்? நான் எடிட்டிங்கில் வெட்டிவிடுவேன்.

2025 ஜூன் 1 அன்று உக்ரைன் 117 சின்ன ட்ரோன்களை லாரிகளில் மரக்குடில்களுக்குள் மறைத்து ரஷ்யாவுக்குள் கொண்டுபோய், விமானத் தளங்களுக்குப் பக்கத்திலிருந்தே பறக்கவிட்டது. அதில் இர்குட்ஸ்க் பக்கத்துப் பெலாயா தளம் உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் மேல். ஓட்டியது ரஷ்யாவின் செல்போன் நெட்வொர்க் வழியாகவே. உள்ளே இருந்தது ஆர்டுபைலட். பொழுதுபோக்குக்கு ட்ரோன் கட்டுகிறவர்கள் கூடி எழுதிய இலவச மென்பொருள். நான் முதன்முதலில் கட்டிய ட்ரோனிலும் அதுதான் ஓடியது. சிக்னல் அறுந்தால் முன்பே போட்டு வைத்த பாதையில் செயற்கை நுண்ணறிவு ஓட்டிக்கொண்டு போகும்படி செய்திருந்ததாக உக்ரைன் உளவுத்துறை சொன்னது. என்னுடையது அறுந்தால் வீட்டுக்கு வரும். அவர்களுடையது முன்னால் போகும். மற்றபடி பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சரி, இதற்கெல்லாம் சாமான் எங்கிருந்து வருகிறது? என் ட்ரோனின் மோட்டார் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான். 2022 பிப்ரவரியில் இந்தியா வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை போட்டது. பாகங்களுக்குத் தடையில்லை, அதனால் எங்கள் கடைகளில் சீனாவின் ஷென்சென் சரக்கு இன்னும் கிடைக்கிறது. 2024 அக்டோபரில் ஸ்கைடியோ என்ற அமெரிக்க ட்ரோன் கம்பெனி மேல் சீனா பொருளாதாரத் தடை விதித்தது. தைவானுக்கு ட்ரோன் விற்றார்கள் என்பதுதான் காரணம். அங்கே அவர்களுடைய வாடிக்கையாளர் தீயணைப்புத் துறை. பேட்டரி வரத்து நின்றது. ஒரு ட்ரோனுக்கு ஒரு பேட்டரிதான் தர முடியும் என்று கம்பெனி ரேஷன் போட்டது. ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு நான் ஒரு வரவேற்பைக்கூட எடுத்து முடிக்க முடியாது. இவர்கள் அமெரிக்க ராணுவத்துக்கே ட்ரோன் கொடுக்கிறவர்கள்.

அதே அமெரிக்கா, சீனாவை மனதில் வைத்து, இரண்டு வருஷத்துக்குள் ஆயிரக்கணக்கில் தானியங்கி ட்ரோன்களை இறக்கப்போவதாக 2023 ஆகஸ்டில் 'ரெப்ளிகேட்டர்' திட்டத்தை அறிவித்தது. அந்த டிசம்பரிலேயே, தானாகக் கொல்லும் ஆயுதங்களைப் பற்றி நாடுகளின் கருத்தைக் கேட்டு அறிக்கை தயாரிக்கச் சொல்லும் தீர்மானம் ஐ.நா. பொதுச் சபைக்கு வந்தபோது ஆதரித்தும் வாக்களித்தது. ஆதரவு 152. சீனா நடுநிலை. எதிர்த்தவை நான்கே நாடுகள்: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. இதைப் பேச ஜெனீவாவில் ஏற்கெனவே ஒரு மன்றம் இருக்கிறது என்பது நம்முடைய வாதம். மறு வருஷம் நாமும் நடுநிலைக்கு வந்துவிட்டோம். ஜெனீவாவில் 2014-லிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

போன வாரம் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். சமையலுக்கு அதே மாஸ்டர். நான் பெட்டியைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"தம்பி, இன்னைக்கு அது எங்க எறங்கும்னு முதல்ல சொல்லிருப்பா. அண்டாவ நான் அதுக்கப்புறம் வைக்கிறேன்."

கார் நிறுத்துமிடத்து மூலையைக் காட்டினேன். அவர் நடந்து போய், அந்த இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்தார்.