காற்று எந்தப் பக்கம்?

தொழிற்சாலை ஷிப்ட் மேற்பார்வையாளர்களுக்கு நான் நடத்தும் அவசரநிலைப் பயிற்சியில், ஓர் இணையவழி வகுப்பின் பதிவில், தொடங்கி ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் ஆனதும் அந்தக் கேள்வி வருகிறது. “சார், காற்று எந்தப் பக்கம்?” நான் சொன்ன பதிலும் பதிவில் தெளிவாகவே இருக்கிறது: “அது இந்தப் பயிற்சியில் கொடுக்கப்படவில்லை. கொடுத்திருக்கும் தகவலை வைத்து உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.” அதன்பின் பதினெட்டு நொடிகளுக்குச் சத்தமில்லை. திரையோரக் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்ட பிறகு, கேள்வி கேட்ட மேற்பார்வையாளர் மறுபடியும் பேசத் தொடங்குகிறார். “சைரன் ஊதிட்டா…” என்பது வரை கேட்கிறது. அங்கே அவருடைய மைக் அணைகிறது. அணைத்தவன் நான்தான். வகுப்பில் இருபத்திரண்டு மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள். இன்னும் நான்கு காட்சிகளை முடிக்க வேண்டியிருந்தது.

காட்சி எளிமையானது. அம்மோனியாத் தொட்டியின் குழாய் இணைப்பில் கசிவு. ஒரு தொழிலாளி கண்ணைத் தேய்த்துக்கொண்டும் இருமிக்கொண்டும் வெளியே ஓடி வருகிறார். உள்ளே இன்னும் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஷிப்ட் மேற்பார்வையாளர் அறுபது நொடிக்குள் மூன்றைச் சொல்ல வேண்டும்: அவசரநிலையை அறிவிக்கிறாரா, ஆட்களை எந்தக் கூடுமிடத்துக்கு (ஆபத்தின்போது எல்லோரும் வந்து கூட வேண்டிய இடம்) அனுப்புகிறார், முதலில் யாருக்குத் தகவல் தருகிறார். சைரன், முதலாம் கூடுமிடம், கட்டுப்பாட்டு அறை என்பது மென்பொருளில் நான் பதிந்து வைத்திருந்த விடை. அவருக்குப் பூஜ்யம் விழுந்தது. குறிப்புக்கான கட்டத்தில் ‘முடிவெடுப்பதில் தயக்கம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பெயரை அழைத்தேன்.

அறுபது நொடி என்ற கெடுவை நான் காரணமில்லாமல் வைக்கவில்லை என்பதை இப்போதும் சொல்வேன். இந்தப் பயிற்சியின் முதல் வகுப்பிலேயே நான் எடுத்துச் சொல்லும் நிகழ்வு, 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் நேர்ந்த விபத்து. 167 பேர் இறந்த அந்த இரவில், குழாய்களால் அதோடு இணைக்கப்பட்டிருந்த கிளேமோர், டார்ட்டன் என்ற பக்கத்து மேடைகளில் உற்பத்தி உடனே நிறுத்தப்படவில்லை. அங்கே பொறுப்பில் இருந்தவர்களுக்குப் பைப்பர் எரிவது தெரியும். நிறுத்த அவர்களால் முடியும். இருந்தும் நேரம் கடந்தது, நெருப்புக்குத் தீனி போய்க்கொண்டே இருந்தது. 1990-இல் வெளிவந்த கல்லன் பிரபுவின் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகளை முன்வைத்தது. நெருக்கடி நேரத்தில் பொறுப்பாளர் எப்படி நடந்துகொள்வார் என்பதை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் எங்கள் துறையில் வேரூன்றியதில் அந்த விபத்துக்குப் பெரிய பங்குண்டு. காத்திருப்பவரால் ஆட்கள் சாகிறார்கள் என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்து வந்தவனுக்கு, பதினெட்டு நொடி மௌனம் வேறு எப்படித் தோன்றியிருக்கும்?

ஆனால் இதே பயிற்சியின் இரண்டாம் பாடத்தில், இதே குரலில், நான் இன்னொன்றும் சொல்கிறேன்: சம்பவ இடத்துக்கு முதலில் வந்து சேரும் பொறுப்பாளரின் முதல் வேலை கட்டளையிடுவதல்ல, நிலைமையை அளந்து பார்ப்பது, என்ன கசிகிறது, எவ்வளவு, எத்திசையில் நகர்கிறது, வழியில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பது. அம்மோனியாவுக்கென்று தனியாக ஒரு பக்கமே வைத்திருந்தேன். வாயுவாக இருக்கும்போது அது காற்றைவிட இலேசானது. ஆகவே மேலே போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் மைனஸ் 33 டிகிரி செல்சியசில் கொதிக்கும் அந்தத் திரவம் அழுத்தத்திலிருந்து விடுபட்டுக் கசியும்போது, குளிர்ந்த வெண்பனியாகத் தரையோடு தவழ்ந்து காற்றின் போக்கிலேயே செல்லும். காற்றில் அதன் அளவு 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு) ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று கொள்ள வேண்டும். ஓடுபவர் காற்றுக்குக் குறுக்கே ஓடி, பிறகு காற்றுக்கு எதிர்த்திசையில் போய்ச் சேர வேண்டும். இத்தனையையும் கற்பித்துவிட்டு, காற்றின் திசையில்லாத ஒரு காட்சியை எழுதி, அதைக் கேட்டவருக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன்.

ஏன் காற்றைக் கொடுக்கவில்லை என்று பின்னால் கேட்டவர்களிடம், ‘அரைகுறைத் தகவலோடு முடிவெடுக்கப் பழக்குவதுதான் நோக்கம்’ என்று சொன்னேன். அது நல்ல நோக்கம்தான். உண்மையான சம்பவங்களில் முழுத் தகவல் யாருக்கும் கிடைப்பதில்லை. ஆனால் அந்தக் காட்சியை எழுதிய நாளில் அப்படி ஒரு நோக்கம் என் மனத்தில் இருந்ததாக நினைவில்லை. காற்றை மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மையாக இருக்க வேண்டும். அவர் கேட்ட அந்தக் கணத்தில், வகுப்பின் முன்னால், மறதிக்கு ஒரு கொள்கையின் பெயரைச் சூட்டிவிட்டேன். சூட்டியதும் அது எனக்கே உண்மையாகிப்போனது.

இதெல்லாம் ஒரு மதிப்பெண்ணோடு முடிந்திருந்தால் நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஏழு மாதம் கழித்து, அவருடைய ஷிப்டில், ஒரு வால்வின் தண்டைச் சுற்றியிருந்த அடைப்பு விட்டுப்போய் அம்மோனியா உண்மையாகவே கசிந்தது. அவர் உடனே சைரனை ஊதவில்லை. வெளியே போய், காற்றின் திசையைக் காட்டக் கூரைமேல் இருந்த காற்றுப்பையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எல்லோரும் இரண்டாம் கூடுமிடத்துக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் இரண்டு முறை அறிவித்து, அதன்பிறகே ஊதினார். தொண்ணூறு நொடி அளவுக்குத் தாமதம். வால்வுக்கு அருகில் இருந்த இருவருக்குக் கண்ணெரிச்சலும் தொண்டையெரிச்சலும் ஏற்பட்டுச் சிகிச்சை தர வேண்டியதாயிற்று. முதலாம் கூடுமிடம் அன்று காற்றின் போக்கில் நேராக இருந்தது.

விசாரணையில் அவருடைய பயிற்சிப் பதிவேடும் இணைக்கப்பட்டது. ‘முடிவெடுப்பதில் தயக்கம்’ என்ற என் வரிக்கு அடியில் யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: இந்த மதிப்பீடு சரியானதுதானா? “விதிமுறைப்படி சரியானது” என்றேன். அந்தப் பதிலில் பொய் இல்லை. எல்லோருக்கும் ஒரே காட்சி, ஒரே கெடு, ஒரே அளவுகோல். அவருக்காக மட்டும் அளவுகோலை வளைத்தால் மற்ற இருபத்தொருவருக்கு நான் என்ன சொல்வது? அவர் கேட்டது என்ன கேள்வி என்று அவர்கள் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது விசாரணைக்குரிய ஒழுங்கு என்று அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் எழுத்தில் கொடுத்த விளக்கத்தைப் பிறகுதான் படித்தேன். “சைரன் ஊதிவிட்டால் எல்லோரும் பழக்கத்தில் முதலாம் இடத்துக்குத்தான் ஓடுவார்கள், அதன்பிறகு திருப்ப முடியாது” என்று எழுதியிருந்தார். ஒத்திகைகளை நடத்துகிறவனுக்கு இது தெரியாத விஷயமல்ல. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு ஓடவிட்டு, எத்தனை நிமிடத்தில் தலை எண்ணி முடித்தோம் என்பதையே நாங்கள் சாதனையாகக் காட்டிவந்தோம். கால்களுக்கு அந்த ஒரு வழி மட்டுமே தெரியும். அவர் அந்தக் கால்களைக் கணக்கில் எடுத்திருக்கிறார். ஆனாலும் ஊதிய கையோடு அறிவித்திருக்கக் கூடாதா, வால்வருகே இருந்த அந்த இருவரும் தொண்ணூறு நொடி முன்னதாக நகர்ந்திருக்க மாட்டார்களா என்ற கேள்வியை நான் ஒதுக்கிவிட முடியாது. உடனே ஊதியிருந்தால் அவர்களும் மற்றவர்களோடு சேர்ந்து பனிமூட்டத்துக்குள்ளேயே ஓடியிருப்பார்களோ என்ற கேள்வியும் அதே கனத்தோடு எதிரில் நிற்கிறது.

அந்த விளக்கத்தைப் படித்த இரவில்தான் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். “சைரன் ஊதிட்டா…” அதே சொல். அன்று அவர் முடிக்கவிருந்த வாக்கியம் இதுவேதான் என்று அந்த இரவு உறுதியாக நம்பினேன். மறுநாள் அவ்வளவு உறுதி இருக்கவில்லை. நடந்து முடிந்ததைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்க்கிறவனுக்கு எல்லாமே பொருந்திவிடும். ‘சைரன் ஊதிட்டா போதுமா சார்?’ என்று வெறும் சந்தேகமாகவும் அது இருந்திருக்கலாம். ஒருநாள் தொலைபேசியில் அவரையே கேட்டுவிட்டேன். “அன்னிக்கு என்ன சொல்ல வந்தேன்னு ஞாபகம் இல்ல சார். நேரம் முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சுட்டேன்” என்றார். அதில் வருத்தமோ குத்தலோ இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

1980-களில் தீயணைப்பு அதிகாரிகளின் முடிவுகளை ஆராய்ந்த கேரி கிளைன் என்ற உளவியலாளர் கண்டது இங்கே நினைவுக்கு வருகிறது. அனுபவசாலிகள் பெரும்பாலும் பல வழிகளை அடுக்கி ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. புகையின் நிறம், வெப்பம், சத்தம் போன்ற அடையாளங்களால் நிலைமையை இனங்கண்டு, முதலில் தோன்றும் வழியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். அடையாளங்களை எல்லாம் உருவிவிட்டு மூன்று வரியில் காட்சியைக் கொடுத்தால் அனுபவசாலிதான் முதலில் திணறுவார். விடைத்தாளை மனப்பாடம் செய்தவர் திணற மாட்டார். அன்று முழு மதிப்பெண் வாங்கியவர்களில் மூவர், பணியில் சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்கள். நேர்முக வகுப்பாக இருந்திருந்தால் அவர் ஜன்னல் பக்கம் திரும்புவதையாவது பார்த்திருப்பேன். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கேமரா அணைந்த ஒரு கறுப்புச் சதுரம். நெருக்கடியில் யார் யாருக்குக் கட்டளையிடுவது, யார் யாரோடு பேசுவது என்று வகுத்து, இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் சம்பவக் கட்டளை முறை, 1970-இல் கலிபோர்னியாவில் பரவிய காட்டுத்தீயின்போது பல அமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியாமல் தவித்ததன் விளைவாக உருவானது. அதைக் கற்பிக்கும் வகுப்பில்தான் நான் ஒருவரின் மைக்கை அணைத்தேன்.

இப்போது அந்தக் காட்சியில் ஒரு காற்றுப்பையின் படத்தைச் சேர்த்திருக்கிறேன்; கூடுமிடங்களையும் வரைபடத்தில் குறித்திருக்கிறேன். பெரும்பாலோர் முப்பது நொடிக்குள் சரியான இடத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சராசரி மதிப்பெண் உயர்ந்திருக்கிறது. படம் வந்த பிறகு, காற்று எந்தப் பக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை. படத்தை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா என்று சில நாட்களாக யோசிக்கிறேன். ஆனால் கேள்வி கேட்பவருக்கு மதிப்பெண் போடும் கட்டம் அந்த மென்பொருளில் கிடையாது. கேள்வி கேட்டுக்கொண்டே நிற்பவரையும், கேட்டுத் தெரிந்துகொண்டு செயல்படுபவரையும் அறுபது நொடிக்குள் எப்படிப் பிரித்தறிவது என்பதற்கும் என்னிடம் விடையில்லை. அவருடைய பதிவேட்டில் அந்த வரி அப்படியே இருக்கிறது. திருத்த வேண்டுமானால் காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை இரண்டு முறை திறந்தேன். காரணத்துக்கான கட்டத்தில் இதுவரை எதுவும் எழுதவில்லை.