தாத்தாவின் பட்டடைக்கல்லும் என் முழங்காலும்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊரில் பழைய வீட்டைப் பிரித்தபோது, பாகத்தில் யாரும் கேட்காத பொருளாகத் திண்ணையில் கிடந்தவை கொல்லராக இருந்த தாத்தாவின் பட்டறைச் சாமான்கள்தாம்: காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும், நாற்பது கிலோ தேறும் சதுரமான பட்டடைக்கல், இரண்டு சம்மட்டி, நான்கு சுத்தியல், ஒன்பது குறடு, சில உளிகள், எலி கடித்து வாய் பிளந்த ஒரு தோல் துருத்தி. பழைய இரும்புக்காரர் எடை போட வந்துவிட்ட பிறகுதான் எனக்கு மனம் கேட்காமல், எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவந்தேன்.

தாத்தாவின் உலை திருப்பாச்சேத்திக்கும் மானாமதுரைக்கும் நடுவே ஒரு சிற்றூரில் இருந்தது. அரிவாள் வேண்டுமென்றால் சனங்கள் திருப்பாச்சேத்திக்கே போய்விடுவார்கள். மண்வெட்டி, களைக்கொத்து, கலப்பைக் கொழு, முனை மழுங்கிய கடப்பாரை ஆகியவற்றைக் காய்ச்சி அடிக்க மட்டும் அவரிடம் வருவார்கள். கூலியில் பெரும்பகுதி அறுப்பு முடிந்தபின் களத்தில் நெல்லாகவே வந்துசேரும். அப்பா அந்தத் தொழிலுக்குப் போகவில்லை. இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும் சும்மா இராது என்பார்கள். பேரேடு மட்டுமே பிடித்த என் கைக்கு அந்தப் பெருமையும் இல்லை.

கொல்லைப்புறத்தில் உலை கட்டுவது நான் அஞ்சிய அளவுக்குச் சிரமமாக இல்லை. லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்றை வாங்கி, உள்ளே களிமண்ணும் மணலும் பிசைந்து பூசி, அடியில் காற்றுக்குழாய் வைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கினேன். துருத்தியைத் தைத்துப் பார்த்தும் பயனில்லாததால், கையால் சுற்றும் பழைய காற்றுச் சக்கரம் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். குழாய் விஷயத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. முதலில் வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஜி.ஐ. பைப்பைத்தான் வெட்டி வைத்திருந்தேன், ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு என்பதும், அது சூடேறி வெள்ளையாகப் புகைந்தால் அந்தப் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும் என்பதும் வெல்டிங் வேலை செய்யும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பூச்சில்லாத கறுப்புக் குழாயைப் பொருத்தினேன். எரிக்கச் சீமைக்கருவேலங்கரி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. பொறி கொஞ்சம் அதிகமாகத் தெறித்தாலும், நிலக்கரியைப் போலப் புகைந்து தெருவைக் கூட்டாது.

உண்மையான சிக்கல் பட்டடைக்கல்லை எங்கே, எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதில் வந்தது. இணையத்தில் நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் வெள்ளைக்காரர்கள் நின்றுகொண்டே அடிக்கிறார்கள். அவர்களுடைய பட்டடைக்கு ஒரு பக்கம் கொம்பு நீண்டிருக்கிறது, அது இடுப்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. நானும் அதே போல ஒரு புளியங்கட்டையை உயரமாக அறுத்து, அதன்மேல் தாத்தாவின் கல்லை ஏற்றினேன். ஒரு மாதம் அடித்தேன். எந்தக் குறட்டால் பிடித்தாலும் கை நெருப்புக்கு மிக அருகில் போய்ச் சுட்டது. சுத்தியலின் காம்பு குட்டையாக இருந்ததால் ஒவ்வோர் அடிக்கும் முதுகு வளைந்தது. பழைய காலத்துச் சாமான் அளவு கெட்டது என்று முடிவுகட்டி, நீளமான குறடுகள் வாங்க ஆயத்தமாகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தார். எழுபத்தாறு வயது; சிறுமியாக இருந்த நாளில் தாத்தாவுக்குத் துருத்தி போட்டவர். கல்லைப் பார்த்ததும், "இதை எதுக்குப்பா தூக்கி நிறுத்தி வச்சிருக்க? தாத்தா உக்காந்துல்ல அடிப்பாரு" என்றார். ஒரு பலகைமேல் உட்கார்ந்து, குழிக்குள் கால்களை விட்டு, தரையோடு தரையாகக் கிடந்த கல்லில் அவர் அடித்த விதத்தைச் செய்தே காட்டினார். சம்மட்டி அடித்த பாட்டி மட்டும்தான் நின்றிருக்கிறார். அதனால்தான் சம்மட்டிக் காம்பு நீளமாகவும் மற்றவை எல்லாம் குட்டையாகவும் இருக்கின்றன. அளவு கெட்டிருந்தது சாமான்கள் அல்ல.

கட்டையைக் குறைத்துத் தரையில் புதைத்தேன், எதிரே முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினேன். முதல் வாரம் முழங்கால் கெஞ்சியது. ஆனால் அடுப்பு, கல், தண்ணீர்த் தொட்டி மூன்றும் எழுந்திருக்காமலே கைக்கெட்டின, குறடு சுடவில்லை. இன்னொன்றும் புரிந்தது. கல்லின் முகத்தில் வலப்புற ஓரமாக லேசான ஒரு குழிவு உண்டு. அதைச் சாணைபிடித்துச் சமமாக்கலாம் என்றிருந்தேன். உட்கார்ந்து பார்த்தபோது, களைக்கொத்தின் இலையை வளைக்க அந்தக் குழிவு சரியாகக் கை விழும் இடத்தில் இருந்தது. தற்செயலாகத் தேய்ந்ததா, தாத்தா வேண்டுமென்றே விட்டதா என்று அத்தைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நெருப்பின் நிறம் பார்ப்பதில் அத்தையை நான் இன்னும் எட்டவில்லை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அரை விழுக்காட்டுக்கு மேல் கார்பன் கலந்திருப்பதால் அதை வெள்ளைச் சூடு வரை விட்டால் மத்தாப்புப் போலப் பொறி பறந்து இரும்பே எரிந்துவிடும். அப்படி ஒரு பட்டையை எரித்தேன். இரும்பைக் கெட்டிப்படுத்தத் தோய்ச்சல் கொடுக்கும்போது தண்ணீரில் அவசரமாக முக்கி, 'டிக்' என்ற ஒலியோடு ஒரு களைக்கொத்தை விரியவிட்டேன். இப்போது காந்தம் ஒட்டாத சூடு வந்ததும், அதாவது சுமார் 770 டிகிரியைத் தாண்டியதும், எண்ணெயில் தோய்க்கிறேன். பிறகு மேலே தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லச் சூடேற்றி, பொன்மஞ்சள் போய்ப் பழுப்பு படரும்போது நிறுத்துகிறேன். அத்தைக்குக் காந்தம் தேவையில்லை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, "இன்னும் வரல, இன்னும் வரல" என்பவர் திடீரென்று கையை எடுத்துவிடுவார்; அப்போது காந்தத்தை வைத்துப் பார்த்தால் ஒட்டுவதில்லை. நண்பகல் வெயிலில் நான் அடுப்பு மூட்டினால் மட்டும் திட்டுவார், வெளிச்சத்தில் நிறம் தெரியாதாம். அதற்காகவே மேலே ஒரு தகரக் கொட்டகை போட்டேன்.

பெரிய சம்மட்டி இன்னும் சுவரில் சாய்ந்தே கிடக்கிறது. தாத்தா சிறு சுத்தியலால் தொட்டுக் காட்டிய இடத்தில் பாட்டி ஓங்கி அடிப்பாராம். சுத்தியலைப் படுக்க வைத்துக் கல்லில் தட்டினால் நிறுத்த வேண்டும் என்று அர்த்தமாம். தனி ஆளாக அடிப்பதால் கடப்பாரை போன்ற கனமான வேலைக்கு நான் போவதில்லை. என் மனைவி ஒருமுறை அந்தச் சம்மட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஐந்து கிலோவாவது இருக்கும் என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டாள். வருகிற மாதம் அதன் காம்பை மாற்ற வேண்டும். கருவேலங்கட்டை ஒன்று நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது.