ஸ்கேனர் பச்சை காட்டியது, எக்ஸ்டென்ஷன் நகரவில்லை

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 13-ஆம் பதிப்பில் இருந்து 15-க்கு மாறியது சிக்கலில்லாமல் முடிந்தது. பிஜி_அப்கிரேட் என்ற மேம்படுத்தும் கருவி, ஒரு சனிக்கிழமை இரவு, அவ்வளவுதான். வதைத்தது அதற்கப்புறம் வந்த வேலை: நிறுவனத்துக்குள்ளேயே எழுதிய எக்ஸ்டென்ஷனின் (டேட்டாபேஸோடு சேர்க்கும் கூடுதல் தொகுப்பின்) புதுப் பதிப்பை ஏற்றுவது.

ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட் கொடுத்தால் பிழை. இந்த ஃபங்ஷன் எக்ஸ்டென்ஷனைச் சேர்ந்ததல்ல, தனக்குச் சொந்தமில்லாததை எக்ஸ்டென்ஷன் மாற்றக் கூடாது என்றது சர்வர். தேடினால், எப்போதோ வேலை முடித்துப் போன ஒரு ஒப்பந்த ஊழியரின் ரோல் (டேட்டாபேஸ் கணக்கு) பெயரில், எல்லாருக்கும் பொதுவான பப்ளிக் ஸ்கீமாவில், அதே பெயர், அதே ஆர்க்யுமென்ட்களோடு ஒரு ஃபங்ஷன் உட்கார்ந்திருந்தது. அந்த ரோலில் லாகின் உரிமை இன்னும் இருந்தது!

இந்தத் தடையே சிவிஇ-2022-2625 என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்காக 2022 ஆகஸ்டில் 14.5, 13.8 முதலிய பதிப்புகளில் வந்தது. அதற்கு முன்பு ஸ்கிரிப்டில் 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' இருந்தால் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். ஆனால் ஃபங்ஷனின் உள்ளடக்கம்தான் மாறும், உரிமையாளர் மாறமாட்டார். பிற்பாடு அவர் அதில் எதை வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். எல்லா உரிமையும் உள்ள சூப்பர்யூசர் அதை அழைக்கும்போது அது சூப்பர்யூசர் உரிமையில் ஓடும். எங்கள் ஆள் கெட்ட எண்ணத்தில் செய்ததாகத் தெரியவில்லை. சும்மா சோதித்துப் பார்த்த ஃபங்ஷன்தான்.

ஆடிட் குழுவிடம் சொன்னால், "15-க்கு வந்துவிட்டீர்களே, ஸ்கேனரில் பச்சைதானே" என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். அவர்கள் ஸ்கேனர் பார்ப்பது பதிப்பு எண்ணை மட்டும். பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் எதையும் உருவாக்கலாம் என்ற பழைய அனுமதியை 15 எடுத்துவிட்டது என்பது புதிதாக உருவாகும் கிளஸ்டருக்குத்தான் (ஒரு சர்வரில் இருக்கும் டேட்டாபேஸ்களின் தொகுப்புக்கு). மேம்படுத்திய டேட்டாபேஸில் பழைய அனுமதி அப்படியே வந்துவிடும். பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைக் கருவியில் ஸ்கீமா பட்டியலை விரிவாகப் பார்த்தால் தெரியும். டெம்ப்ளேட்1-ஐயும் மறக்காமல் பாருங்கள், புது டேட்டாபேஸ் அதிலிருந்துதான் நகலாகிறது.

சரி, ஃபங்ஷனை நீக்கலாம் என்றால் அப்ளிகேஷன் குழுவின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டுமாம். அவர்களோ மாதக் கடைசி ஜாப் ஏதாவது இதை அழைக்கலாம், கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். யாருக்கும் தெரியாது, ஆனால் யாரும் விட மாட்டார்கள். டவுன்டைம் அனுமதி காலாவதியாகிப் போனது.

கடைசியில் காப்பாற்றியது, ஃபங்ஷன்கள் எத்தனை முறை அழைக்கப்பட்டன என்று எண்ண வைக்கும் ட்ராக்_ஃபங்ஷன்ஸ் என்ற அமைப்பு. அது இயல்பில் அணைந்திருக்கும். 'பிஎல்' (பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் போன்ற மொழிகளில் எழுதிய ஃபங்ஷன்கள் மட்டும்) என்று வைத்துவிட்டு மாதக் கடைசி வரை காத்திருந்தோம். அந்த எண்ணிக்கையைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_யூசர்_ஃபங்ஷன்ஸில் அந்த ஃபங்ஷன் தலைகாட்டவே இல்லை. அந்தத் திரையைப் படமெடுத்து இணைத்தேன், மறுபேச்சில்லாமல் கையெழுத்து வந்தது. இரண்டு எச்சரிக்கைகள்: இந்த வழி பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் ஃபங்ஷனுக்குச் சரி, எளிய எஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் வினவலுக்குள் கரைந்துவிட்டால் 'ஆல்' வைத்தாலும் கணக்கில் வராது. இடையில் சர்வர் கிராஷ் ஆனால் எண்ணிக்கையும் போய்விடும். எது எதைச் சார்ந்தது என்று பதியும் பிஜி_டிபெண்ட் பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் ஃபங்ஷனுக்குள் இருந்து அழைப்பது அதில் பதிவாகாது.

நீக்காமல் பெயரை மட்டும் மாற்றி, அந்த ரோலின் லாகினை மூடினேன். அப்டேட் சில நொடிகளில் முடிந்தது. ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதானே. கூடவே, ஸ்கிரிப்டில் பாதுகாப்பு ஓட்டை தேடும் பிஜிஸ்பாட் கருவியில் எங்கள் ஸ்கிரிப்டைக் கொடுத்துப் பார்த்தேன். செக்யூரிட்டி டிஃபைனர் (உரிமையாளரின் உரிமையில் ஓடும்) ஃபங்ஷன் ஒன்றில் சர்ச்_பாத் (எந்த ஸ்கீமாக்களில் தேடுவது என்ற வரிசை) நிர்ணயிக்காமல் விட்டிருந்ததையும் பிடித்துக் கொடுத்தது.

பப்ளிக்கில் கிரியேட் உரிமையை ரிவோக் செய்ததும் அடுத்த நாள் காலை ரிப்போர்ட் ஜாப் ஒன்று விழுந்தது. அது தினமும் அங்கேதான் டேபிள் உருவாக்கிக்கொண்டிருந்ததாம். தனி ஸ்கீமா கொடுத்தோம், ஓடுகிறது. ஆடிட் படிவத்தில் இன்னும் பதிப்பு எண்ணுக்கு மட்டும்தான் கட்டம்.