பன்னிரண்டு அடி ரோட்டில் ஆறு யூனிட் லாரி

கல்குவாரி டிப்பர்களை எதிர்த்து ஊர்க்காரர்கள் கொடுக்கும் மனுவில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "கனரக வாகனங்களால் சாலை பழுதடைகிறது, தக்க நடவடிக்கை எடுக்கவும்." எந்தச் சாலை, எத்தனை லாரி, எவ்வளவு பாரம் என்று எதுவும் இருக்காது. அந்த மனு மேசை விட்டு மேசை நகரும், அவ்வளவுதான். பேச்சை டன் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும்.

கணக்கு எளிது. ஜல்லி, எம்-சாண்ட் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எடை ஏறக்குறைய நாலரை டன். டிப்பர் தொட்டியின் உள்ளளவு 15 அடி நீளம், ஏழரை அடி அகலம், 5 அடி உயரம் என்றால் 562 கன அடி. மேலே குவித்தால் ஆறு யூனிட், அதாவது 27 டன். பத்துச் சக்கர டிப்பரின் வெற்று எடையை 11 டன் என்று வைத்தாலும் மொத்தம் 38 ஆகிவிடுகிறது. ஆர்.சி.யில் அந்த வகை வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை பொதுவாக 28 டன்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவுப்படி அதிகச் சுமைக்கு 20,000 ரூபாய், அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இந்த வண்டிக்கு 40,000. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரவும் கூடாது.

பாரம் கூடினால் ரோட்டுக்கு வரும் சேதம் அதே அளவில் கூடுவதில்லை, பல மடங்காகக் கூடுகிறது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து வந்த கணக்கு இது: ஓர் அச்சின் மேல் பாரம் ஒன்றரை மடங்கானால் சேதம் சுமார் ஐந்து மடங்கு. நம் கிராமச் சாலையின் அகலமோ 3.75 மீட்டர், பன்னிரண்டு அடிதான். மேலே பல இடங்களில் 20 மி.மீ. தார்க்கலவை. டிப்பரே இரண்டரை மீட்டர் அகலம். எதிரே டவுன் பஸ் வந்தால் ஒரு பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். முதலில் தார் ஓரம் பிய்யும். அந்த வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி அடிக்கல் இளகும். அடுத்த ஐப்பசிக்குள் சக்கரத் தடம் வாய்க்கால் மாதிரி ஆகிவிடும். அந்தப் பள்ளத்தின் குறுக்கே நேரான கட்டையை வைத்து, நடுவில் ஸ்கேலை நிறுத்திப் படம் எடுங்கள். குழாய்ப் பாலங்களையும் விடாதீர்கள். மேலே மண் குறைவாக உள்ள இடத்தில் விரிசல் சீக்கிரம் தெரியும்.

"ரோட்டை நாங்களே போட்டுத் தருகிறோம்" என்று குவாரித் தரப்பு வந்தால் யோசிக்க வேண்டும். இளகிப்போன அடித்தளத்தின் மேல் மெல்லிய தார் போட்டால் ஒரு மழை கூடத் தாங்காது. ஆனால் ஊர் வாய் அடைபட்டுவிடும்.

லாரிகளைத் தொடர்ந்து மூன்று நாள், 24 மணி நேரமும் எண்ணுங்கள்; ஊரகச் சாலைத் திட்டங்களுக்கு அரசுப் பொறியாளர்கள் எடுப்பதும் இதே மூன்று நாள் கணக்குதான். நேரம், வண்டி எண், சக்கர எண்ணிக்கை, போகும் திசை, பாரமா காலியா, தார்ப்பாய் உண்டா, இவ்வளவு போதும். நோட்டோடு ரோட்டோரம் நின்றால் அன்றைக்கு லாரி குறைந்துவிடும். திண்ணையில் உட்கார்ந்து எண்ணுவதே மேல்.

பிறகு, குவாரிக்கு அந்த மாதம் கொடுத்த நடைச்சீட்டுகள் (லாரியில் கல், ஜல்லி கொண்டுபோக வேண்டிய அனுமதிச் சீட்டுகள்) எத்தனை, எவ்வளவு கனமீட்டருக்கு என்று கனிமவளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மூன்று யூனிட் சீட்டில் ஆறு யூனிட் போவது தெரிந்தால், அது ரோட்டுப் பிரச்சினையாக மட்டும் நிற்காது, அரசுக்கு வர வேண்டிய பணம் போகிற விஷயமாகிவிடும். அதற்குத்தான் அலுவலகம் வேகமாக அசையும்.

மனுவை ஆட்சியருக்கு எழுதுங்கள், நகல் ஆர்.டி.ஓ.வுக்கும் சாலைக்குப் பொறுப்பானவருக்கும். பொறுப்பு ஊராட்சி ஒன்றியமா நெடுஞ்சாலைத் துறையா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, சாலை அல்லது பாலத்தின் தன்மையைக் காட்டி, குறிப்பிட்ட வகை வண்டிகளைக் குறிப்பிட்ட சாலையில் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ இடம் தருகிறது. "லாரியே வரக்கூடாது" என்று கேட்காதீர்கள். நெல் அறுவடை இயந்திரமும் உர லாரியும் அதில் மாட்டும். இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை, இத்தனை டன்னுக்கு மேல் கூடாது, பள்ளி நேரத்தில் டிப்பர் கூடாது, மாற்று வழி இது என்று எழுதுங்கள். அருகிலுள்ள எடைமேடையின் பெயரும் தூரமும் கட்டாயம். அதே சட்டத்தின் 114ஆம் பிரிவில், போகும் வழியிலிருந்து 10 கி.மீ.க்குள் உள்ள எடைமேடைக்கு வண்டியை ஓட்டிவரச் சொல்லலாம். "எடை போட இடமில்லை" என்ற சாக்கு அதோடு போகும். கிராம சபைத் தீர்மானத்தையும் இணையுங்கள். அது யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் கோப்பில் எடை கூட்டும்.

சாலை மறியல் ஒரு நாள் செய்திக்கு உதவும். தாசில்தார் பேச்சுவார்த்தை நடத்துவார், வாய்மொழி உறுதி கிடைக்கும், பிறகு லாரியும் வரும், மறித்தவர்கள் மேல் வழக்கும் வரும். மறித்தே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

உத்தரவு வந்தாலும் பலகை இல்லாமல் அது செல்லாக் காசு. பலகை எங்கே நட வேண்டும் என்பதையும் மனுவிலேயே சொல்லுங்கள்: மெயின் ரோட்டிலிருந்து பிரியும் முக்கில். ஊர் எல்லையில் நட்டால், அதுவரை வந்துவிட்ட 38 டன் வண்டியைத் திருப்பப் பன்னிரண்டு அடி ரோட்டில் இடம் இருக்காது.