சம்பளத்தோடு ஐந்து நாள் பயிற்சி

"தேர்தலில் நிற்கிறாயா?" என்று காபி மெஷின் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டார், எங்கள் மில்லிங் பிரிவில் முப்பது வருடமாக இருக்கும் டச்சுக்காரர். எனக்குப் புரியவில்லை. நான் இந்த நாட்டுக் குடிமகனே இல்லையே என்றேன். இது நாட்டுக்கு இல்லை, கம்பெனிக்கு என்று சிரித்தார்.

நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்துக்குப் பக்கத்தில், இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. சுமார் 230 பேர். இந்த நாட்டில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஊழியர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு குழு இருக்க வேண்டும். ஒன்டர்நேமிங்ஸ்ராட் என்று நாக்கைச் சுழற்ற வைக்கும் பெயர்; எல்லோரும் ஓஆர் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் அளவுக்கு 9 உறுப்பினர்கள். மூன்று மாதம் வேலை செய்திருந்தாலே ஓட்டும் போடலாம், நிற்கவும் நிற்கலாம். 2022-க்கு முன் நிற்பதற்கு ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும்.

வீட்டில் சொன்னதும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "வந்த இடத்தில் நமக்கு எதுக்குங்க வம்பு? விசா கம்பெனி கையில் இருக்கே." நியாயமான பயம். நான் அம்பத்தூரில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். நம் ஊர் 1947 தொழில் தகராறு சட்டத்திலும் நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் கூட்டுக் குழு என்று ஒன்று இருந்ததாம். அந்த எட்டு வருடத்தில் அதைப் பற்றி ஒருவர்கூட என் காதில் போட்டதில்லை. அங்கே மேனேஜரிடம் கேள்வி கேட்பவனுக்கு ஒரு பெயர் உண்டு, அதை இங்கே எழுத வேண்டாம்.

சரி, நின்றேன். ஜெயித்தும் விட்டேன். காலியிடத்துக்கு ஆள் குறைவு என்பதும் ஒரு காரணம்.

பயிற்சி என்றதும் ஒரு மணி நேர ஸ்லைடு ஷோ என்று நினைத்தேன். ஓஆர் உறுப்பினருக்கு வருடத்துக்குக் குறைந்தது 5 நாள் பயிற்சி பெறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. வேலை நேரத்தில், முழுச் சம்பளத்தோடு. செலவு கம்பெனியுடையது, பயிற்சியாளரைத் தேர்வு செய்வது நாங்கள். இது போக, தங்களுக்குள் கூடிப் பேசவும் மற்ற ஊழியர்களைக் கேட்டு வரவும் வருடத்துக்குக் குறைந்தது 60 மணி நேரம்.

வேலுவ என்ற காட்டுப் பகுதியோரம் ஒரு விடுதியில் எங்களுக்கு முதல் மூன்று நாள். மதியம் ரொட்டியும் சீஸும் மோரும். மோர் என்றதும் ஆவலாக ஊற்றினேன். உப்பில்லை, இஞ்சியில்லை, கறிவேப்பிலைக்கு எங்கே போவது. இரண்டாம் நாள்தான் முக்கியம். பயிற்சியாளர் அம்மா தன்னை எங்கள் டைரக்டராக நினைத்துக்கொள்ளச் சொல்லி எதிரே உட்கார்ந்தார். "இந்த மெஷின் வரிசையை வேறு ஊருக்கு மாற்றுகிறேன், உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார். நான் தலையை ஆட்டினேன். நம் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "முடிவை எழுத்தில் கேள். காரணத்தைக் கேள். ஊழியருக்கு என்ன பாதிப்பு, அதற்கு என்ன ஏற்பாடு என்று கேள்" என்றார். மூன்றாவது முறைதான் குரல் வந்தது, அதுவும் என் அரைகுறை டச்சில். டைரக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது இன்னொரு தொல்லை. உள்ளுக்குள் ஒரு 'சார்' ஒவ்வொரு முறையும் முட்டிக்கொண்டு நின்றது.

அங்கே புரிந்தது இரண்டு எண்கள்: 25, 27. சட்டப் பிரிவுகள். தொழிற்சாலையை இடம் மாற்றுவது, பெரிய முதலீடு, ஒரு பிரிவை மூடுவது போன்றவை 25. எங்கள் ஆலோசனையைக் கேட்டே ஆக வேண்டும். அதை மீறி முடிவெடுத்தால் நிறைவேற்ற ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் நாங்கள் ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நிறுவனப் பிரிவுக்குப் போகலாம். வேலை நேரம், விடுமுறை விதி, ஊழியரைக் கண்காணிக்கும் ஏற்பாடு எல்லாம் 27. இதற்கு எங்கள் ஒப்புதலையே வாங்க வேண்டும்.

பயிற்சி முடிந்து வேலைக்குத் திரும்பிய ஐந்தாவது வாரமே 27 கைக்கு வந்தது. காலை ஷிஃப்ட் அடுத்த மாதம் முதல் 7 மணிக்குப் பதில் 6 மணிக்கு என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டேகேர் 7 மணிக்குத்தான் திறக்கிறது. தொழிற்பேட்டைக்கு முதல் பஸ்ஸும் அதற்கு முன்னால் வருவதில்லை. கார் இல்லாதவன் ஜனவரி இருட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டும். ஒப்புதல் இல்லாத முடிவு செல்லாது என்று ஒரு மாதத்துக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், தவறவிட்டால் போச்சு. கடிதத்தை, என்னை நிற்கச் சொன்ன அந்த டச்சுக்காரர் எழுதினார், கடைசிப் பத்தியில் டேகேர் விஷயத்தை நான் சேர்த்தேன்.

டைரக்டர் கோபப்படுவார் என்று இரவெல்லாம் தூக்கமில்லை. கூட்டத்துக்கு வந்தார், காபி ஊற்றிக்கொண்டார், "சரி, எங்கே தப்பு செய்தோம்?" என்றார். பிறகு இரண்டு மணி நேரம் இழுபறி. காலை ஷிஃப்ட் 6:30-க்கு என்று முடிவானது. சின்னக் குழந்தை உள்ளவர்கள் மாலை ஷிஃப்டைத் தேர்ந்தெடுக்கலாம். எனக்கு அது அரை வெற்றி. சைக்கிள்காரர்கள் இன்னும் என்னிடம் முறைக்கிறார்கள்.

மனைவியின் பயத்துக்கும் பதில் கிடைத்தது, முழுதாக இல்லை. உறுப்பினராக இருக்கும்போதும், விலகி இரண்டு வருடம் வரைக்கும், கம்பெனி சாதாரணமாக நோட்டீஸ் கொடுத்து அனுப்ப முடியாது. ஆனால் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, அந்தத் தேதி வந்தால் ஒப்பந்தம் தானாக முடிகிறது. ஓஆரில் இருந்ததற்காகப் புதுப்பிக்காமல் விடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதற்காகத்தான் விட்டார்கள் என்று காட்டுவது யார் வேலை? நிற்கலாமா என்று என்னிடம் கேட்ட கோயம்புத்தூர் தம்பியிடம் இதை மறைக்காமல் சொன்னேன். நிரந்தரமானதும் நிற்கிறேன் அண்ணா என்றான்.

போன வாரம் டீம் லீடர் விடுப்பு அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இந்த வருடமும் ஐந்து நாளா?" என்று பெருமூச்சு விட்டார். இல்லை, எட்டு என்றேன். பாதுகாப்பு, உடல்நலம் பார்க்கும் துணைக்குழுவிலும் சேர்ந்திருக்கிறேன். இரண்டிலும் இருப்பவருக்கு 8 நாள்.